நானூறு அக்கா மடித்த மூலை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஹோட்டலில் எல்லோருக்கும் அவள் நானூறு அக்கா. நாலாவது மாடியில் நானூற்றொன்றிலிருந்து நானூற்றுப் பதினான்கு வரை உள்ள அறைகள் அவள் பொறுப்பு. பெருக்குவது, துடைப்பது, குளியலறை கழுவுவது, படுக்கை விரிப்பது. இருபது வருடத்தில் மேனேஜர்கள் ஆறு பேர் மாறினார்கள், தரைக் கம்பளம் மூன்று முறை மாறியது, ஹோட்டலின் பெயரே ஒரு முறை மாறியது. நானூறு அக்கா மட்டும் அதே தள்ளுவண்டியோடு அதே மாடியில் இருந்தாள்.

அவளுடைய வேலையில் குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் ஒருத்தி உண்டு. பழைய சூப்பர்வைசர். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வந்து கதவு நிலையின் மேல்பக்கத்தைத் தடவிப் பார்ப்பாள். தூசி கிடைக்காத நாளில் படுக்கை விரிப்பின் மூலையைப் பிடித்து இழுப்பாள். எல்லோர் விரிப்பும் ஒரு இழுப்பில் கையோடு வந்துவிடும். அந்த ஆத்திரத்தில் நானூறு அக்கா தன் பங்குக்கு ஒரு வித்தை கண்டுபிடித்தாள். வழக்கம்போல மூலையை மடித்துச் செருகிய பிறகு, உள்ளே போன துணியை இன்னொரு தரம் மடக்கி, நாக்கு மாதிரி ஒரு துண்டைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிச் செருகிவிடுவாள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இழுத்தால் மெத்தை நகருமே தவிர விரிப்பு நகராது. வெள்ளைக் கையுறை ஒரு முறை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அந்த நாளை நானூறு அக்கா தன் கல்யாண நாளைவிடச் சந்தோஷமாக நினைவு வைத்திருந்தாள். இதை அவளுடைய கணவனே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

இருபது வருடம் ஒரே இடத்தில் நின்றவர்களுக்கு ஹோட்டல் ஒரு பரிசு தரும். கைக்கடிகாரம் வேண்டுமா, விமானச் சீட்டு வேண்டுமா என்று கேட்பார்கள். எல்லோரும் கடிகாரம் வாங்குவார்கள். நானூறு அக்கா சீட்டைக் கேட்டாள். காரணம் அவளுடைய தங்கை.

தங்கை வெளிநாட்டில் ஒரு வீட்டில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அங்கேயே தங்கல், அங்கேயே சாப்பாடு. அவளுடைய அறை என்பது முதியவரின் அறையை ஒட்டிய ஒரு பெட்டி. அதற்குள் ஒரு கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். விருந்தாளிக்கு அனுமதி கிடையாது. ஊருக்கு வந்து திரும்பினால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள் என்ற பயத்தில் அவள் வரவே இல்லை. அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம்தான் முதல்முறையாக, முதியவரின் மகள் வந்து தங்கப்போவதால், தங்கைக்குச் சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு கிடைத்தது.

சீட்டோடு வந்த கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. தங்குமிடம் பயணியின் பொறுப்பு. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் படுக்கை விரித்து வைத்திருக்கிற ஹோட்டல், இருபது வருடம் அதை விரித்தவளுக்கு ஒரு படுக்கை தர முடியாது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தது. நானூறு அக்கா அதைப் படித்துவிட்டுக் கோபப்படவில்லை. "உலகத்துக்கே ரூம் ரெடி பண்ணிக் குடுத்தவ நான். எனக்கு ஒரு ரூம் பார்த்துக்க மாட்டேனா?" என்றாள்.

பார்ப்பது அத்தனை சுலபமாக இல்லை. தங்கை இருந்த இடத்துக்குப் பக்கத்து நகரத்தில் அந்த வாரம் பார்த்து ஏதோ பெரிய வியாபாரக் கண்காட்சி. அறை வாடகையைக் கேட்டால் மயக்கம் வந்தது. தங்கை போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

"வேணாம்க்கா. இங்க ஹோட்டல்ல மூணு நாள் இருந்தா என் மூணு மாசச் சம்பளம் போயிடும். நீ ஏர்போர்ட்டுக்கு வா, அங்கயே உட்கார்ந்து பேசிட்டு அடுத்த பிளேன்ல போயிடு."

"ஏண்டி, பதினோரு வருஷத்தை ஏர்போர்ட் பெஞ்சுலயா உட்கார்ந்து பேசுவாங்க? வாயை மூடிட்டு இரு. ரூம் என் பாடு."

ஒரு வாரம் தினமும் சாயங்காலம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து தேடினார்கள். கணவன் பஸ் டிரைவர். வண்டியை விட்டு இறங்கி, கை கால் கழுவி, கண்ணாடி மாட்டிக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டே வருவான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

"இது நல்லாயிருக்கே. விலையும் கம்மி. துண்டை அன்னம் மாதிரி மடிச்சு வெச்சிருக்கான் பாரு."

"அன்னமா? அடுத்ததைத் தள்ளுங்க. கறை போகாத துண்டைத்தான் அன்னமா மடிப்போம். கறையைக் கழுத்துக்குள்ள தள்ளிடலாம்."

கணவன் அடுத்த படத்துக்குப் போனான். அறை கூடம் மாதிரி விசாலமாக இருந்தது.

"அந்தத் தண்ணி கிளாஸைப் பாருங்க. தட்டு மாதிரி அகலமா தெரியுது. ரூமை இழுத்துப் படம் பிடிச்சிருக்கான். நேர்ல போனா நம்ம குளியலறை அளவுதான் இருக்கும்."

"சரி, இது? நல்ல திரைச்சீலை."

"திரைக்குப் பின்னாடி ஜன்னல் இல்லை. இருந்தா ஓரத்துல ஒரு கோடாவது வெளிச்சம் வரணும். சுவத்துக்குத் திரை போட்டு ஏமாத்தறான்."

"அவன் ஏமாத்தறது இருக்கட்டும். எட்டுக் கட்டில் போட்ட ரூம் ஒண்ணு இருக்கு. ஒரு கட்டிலுக்கு டீச்செலவுதான் ஆகும்."

"தங்கச்சிகிட்ட நான் பேசறதை ஆறு பேர் கேக்கணுமாக்கும்?"

மதிப்புரைகளை அவள் படித்த விதமும் தனி. எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கவே மாட்டாள். திட்டுகிறவர்கள் எதைத் திட்டுகிறார்கள் என்று மட்டும் படிக்கச் சொல்வாள். காபி ஆறிப்போயிருந்தது என்று திட்டினால் பரவாயில்லை, வரவேற்பில் சிரிக்கவில்லை என்று திட்டினால் இன்னும் நல்லது. "ஒரு மாதிரி வாடை" என்று ஒருவன் எழுதியிருந்தால் போதும், அந்த இடம் அரண்மனையானாலும் தள்ளுபடி. இத்தனை வருடம் பஸ் ஓட்டி எத்தனையோ செக்கிங் இன்ஸ்பெக்டர்களைப் பார்த்த கணவனே மூக்கின் மேல் விரலை வைத்தான்.

ஏழாம் நாள், யாரும் போகாத கடைசிப் பக்கங்களில், ஒரு படம் வந்தது. யாரோ போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்தது. ஓரத்தில் கட்டை விரலின் நிழல். மங்கல் வெளிச்சம், பழைய மர நாற்காலி, பெரிய கட்டில் ஒன்று. லிப்ட் கிடையாது, காலை உணவு கிடையாது, நாலு மாடி ஏற வேண்டும், கீழே சலவைக் கடை. திட்டியவர்கள் எல்லோரும் படிக்கட்டைத் திட்டியிருந்தார்கள், இல்லையென்றால் அந்த இடத்தை நடத்தும் வீட்டுக்காரியின் சிடுமூஞ்சியைத் திட்டியிருந்தார்கள். வாடகை மற்ற இடங்கள் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு. கணவன் தள்ளப் போனான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. கட்டிலோட கால் பக்கத்தைப் பெருசு பண்ணுங்க."

பெரிதாக்கினான். விரிப்பின் மூலை, கத்தியால் வெட்டியது போல ஒரே கோடாக, தரைக்குச் சாய்வாக இறங்கி மெத்தைக்கு அடியில் போயிருந்தது.

"இது சும்மா வீட்டுல மடிக்கிற மடிப்பு இல்லைங்க. கத்துக்கிட்டு மடிச்சது. படம் எடுக்கத் தெரியாதவங்க, ஆனா படுக்கை போடத் தெரிஞ்சவங்க. நம்ம ஆளு யாரோ இருக்காங்க அங்க. இதையே போடுங்க."

"பணம் திரும்ப வராதுன்னு எழுதியிருக்கு. மறுநாள் காலையில ஒன்பது மணி வரைக்கும் ஆள் வரலைன்னா ரூமை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். ஒரு மடிப்பை நம்பியா இவ்வளவு பணத்தைக் கட்டுறே?"

"உங்களை எதை நம்பிக் கட்டிக்கிட்டேன்?"

கணவன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். நாலு இரவுக்கு இரண்டு பேர் என்று போட்டுப் பணம் கட்டினான்.

அவள் அந்த நகரத்தில் போய் இறங்கியபோது சாயங்காலம் ஏழு மணி, நல்ல வெளிச்சம் இருந்தது. வீட்டுக்காரி ஆறு மணிக்கே வரவேற்பைப் பூட்டிவிடுவாள், வாசல் பக்கத்துச் சுவரில் எண் போட்டுத் திறக்கும் பெட்டிகளில் சாவிகள் இருக்கும் என்று முன்பே எழுதியிருந்தார்கள். எண்ணைப் போட்டாள், சாவி வந்தது. கீழே சலவைக் கடையிலிருந்து நீராவியும் சோப்பும் கலந்த வாசனை. அவளுக்கு வேலைக்கு வந்த மாதிரியே இருந்தது. நாலு மாடியையும் நிறுத்தாமல் ஏறினாள். நாலாவது மாடி என்றால் அவளுக்குப் புகுந்த வீடு மாதிரி.

உள்ளே போனதும் முதல் காரியமாகக் கதவு நிலையின் மேல்பக்கத்தைத் தடவினாள். தூசி இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அங்கும் இல்லை. குழாயின் பின்பக்கம், கண்ணாடியின் கீழ் ஓரம், அலமாரியின் உட்புறம், எதுவும் அவளை ஏமாற்றவில்லை. விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒற்றை மடிப்பு. சுத்தமான, கற்றுக்கொண்டு போட்ட மடிப்பு. நான் தேடிக் கண்டுபிடித்த அறை என்ற பெருமையில் அவளுக்கு நெஞ்சு விம்மியது. உடனே கணவனைக் கூப்பிட்டு, "சொன்னேனா இல்லையா?" என்று கேட்டு, அவன் "சொன்னே தாயே" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் காலணியைக் கழற்றினாள்.

பிறகு மர நாற்காலியில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வேலையில் இருக்கும்போது அறையின் கட்டிலில் உட்காரக் கூடாது என்பது முதல் நாள் சொல்லிக்கொடுத்த சட்டம். இருபது வருடத்தில் அவள் எத்தனை ஆயிரம் படுக்கை விரித்திருப்பாளோ, ஒன்றின் மீதும் உட்கார்ந்ததில்லை. பணம் கட்டியது தான்தான் என்று ஞாபகம் வந்ததும் சிரித்துக்கொண்டே எழுந்து போய் ஓரமாக உட்கார்ந்தாள். அப்புறம் சாய்ந்தாள். அப்புறம் நடுவில் நகர்ந்து படுத்தாள். இப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று எண்ணுவதற்குள் தூங்கிவிட்டாள்.

கோளாறு காலையில்தான் நடந்தது. அதைக் கோளாறு என்று அவளிடம் சொன்னால் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

ஐந்தரைக்கு விழித்தாள். தங்கை வரும் பஸ் பதினோரு மணிக்கு. போக ஒரு மணி நேரம், வழி தவற ஒரு மணி நேரம், சீக்கிரம் போய் நிற்க ஒன்றரை மணி நேரம் என்று கணக்குப் போட்டு ஏழரைக்குக் கிளம்ப முடிவு செய்தாள். குளித்தாள். தன் சோப்பைத்தான் போட்டாள். அங்கே காகிதம் சுற்றி வைத்திருந்த சோப்பைப் பிரித்தால் மீதி வீணாகும் என்பது அவளுக்குத் தெரியாததா? குளித்து முடித்ததும் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. குளியலறைச் சுவரைத் தன் பழைய துண்டால் சொட்டு இல்லாமல் துடைத்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். தண்ணீர் குடித்த கிளாஸைக் கழுவி, காகித மூடியைத் திரும்பப் போட்டுக் கவிழ்த்தாள். கழிவறைக் காகிதச் சுருளின் நுனியை முக்கோணமாக மடித்துவிட்டாள். பிறகு படுக்கை. விரிப்பை உதறி, இழுத்து, நாலு மூலையும் செருகி, தலையணையைத் தட்டி, போர்வையின் மேல் உள்ளங்கையை ஒரு தரம் ஓட்டினாள். நாலு நிமிடம். வயசானாலும் வேகம் குறையவில்லை என்று அவளுக்கே திருப்தி.

பையை அறையில் விட்டுப் போகலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். வேண்டாம் என்று தோன்றியது. அறையில் விருந்தாளியின் பொருள் ஏதாவது காணாமல் போனால் பழி யார் தலையில் விழும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நானூற்று ஏழில் ஒருத்தி தன் பையின் அடியிலேயே கிடந்த தோட்டைக் காணோம் என்று போட்ட கூச்சலை அவள் மறக்கவில்லை. இங்கே கூட்டுகிறவள் யாரோ, அவளுக்கு நம்மால் ஒரு சங்கடம் வரக் கூடாது என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவைப் பூட்டினாள். வாசலுக்கு வந்ததும் சாவியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். வேலை முடிந்து போகிறவள் சாவியை வெளியே கொண்டுபோனால் அன்றைக்கே வேலை போய்விடும். இருபது வருடம் இடுப்பில் இருந்து இறங்கிய சாவி, அன்றைக்கும் தானாக இறங்கிவிட்டது.

பஸ் நிலையத்தில் தங்கை இறங்கியபோது இரண்டு பேரும் ஒரு நிமிடம் அடையாளம் தெரியாதவர்கள் மாதிரி நின்றார்கள்.

"நீ குண்டாயிட்டேக்கா."

"நீ கிழவியாயிட்டே."

தங்கை அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். சுற்றிப் போனவர்கள் பெட்டியை ஒதுக்கி நடந்தார்கள். நானூறு அக்கா அழவில்லை. தங்கையின் முதுகைத் தட்டிக்கொண்டே, "வா, நான் பிடிச்சிருக்கிற ரூமைக் காட்டறேன்" என்றாள்.

வழியெல்லாம் அறையின் புராணம்தான். துண்டு அன்னம், அகலக் கிளாஸ், சுவருக்குத் திரை, எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். மதியம் பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தார்கள். வாசல் பெட்டியில் எண்ணைப் போட்டாள். திறந்தது. உள்ளே சாவி இல்லை.

வரவேற்பில் வீட்டுக்காரி தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பருத்த உடம்பு, குட்டையாக வெட்டிய நரை முடி, கயிற்றில் தொங்கும் கண்ணாடி. மதிப்புரையில் திட்டிய சிடுமூஞ்சி இதுதான் என்று பார்த்ததும் தெரிந்தது. அவளுக்கு அந்த நாட்டு மொழி, நானூறு அக்காவுக்கு ஹோட்டல் இங்கிலீஷ், இரண்டுக்கும் நடுவில் தங்கை. மூன்று பேரும் பேசியதை அப்படியே எழுதினால் படிக்கிறவர்களுக்குத் தலை சுற்றும். அதனால் நம் பேச்சிலேயே சொல்லிவிடலாம்.

"அந்த ரூமா? நேத்து வர வேண்டியவங்க வரலை. ஒன்பது மணி வரைக்கும் பார்த்துட்டு வேற ஜோடிக்குக் குடுத்தாச்சு. பெட்டியை இங்க வெச்சுட்டுக் கண்காட்சிக்குப் போயிருக்காங்க. அதோ."

"நான்தான் அந்த ஆளு. நேத்து சாயங்காலமே வந்துட்டேன். ராத்திரி அங்கதான் தூங்கினேன்."

வீட்டுக்காரி கண்ணாடியை மூக்கில் ஏற்றி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"காலையில நானே போய்ப் பார்த்தேன். சாவி பெட்டியிலயே இருந்துச்சு. சோப்பு பிரிக்கலை. கிளாஸ் மூடி எடுக்கலை. குளியலறையில ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. அந்தப் படுக்கையில நேத்து யாரும் படுக்கலை. முப்பது வருஷமா படுக்கை பார்க்கிறவ நான், என் கண்ணு தப்பாது."

வேறு அறை ஒன்றுமே இல்லை என்றாள். ஊரிலேயே இல்லை என்றாள். பணமும் விதிப்படி திரும்பாது என்றாள். அவள் முன்னால் இருந்த பேரேட்டில் அந்த அறைக்கு நேராக "வரவில்லை" என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்ததைத் தங்கை படித்துச் சொன்னாள்.

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. பதினோரு வருடத்துக்கு நாலு நாள், அதில் முதல் நாள் மதியமே தெருவில் நிற்கப் போகிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, "மன்னிச்சுக்குங்கம்மா, தப்பு எங்க மேலதான், ஏதாவது ஒரு மூலையில இடம் குடுங்க" என்று கெஞ்ச ஆரம்பித்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் நானூறு அக்காவுக்குச் சுருக்கென்றது. சண்டைக்காரியாக வளர்ந்த தங்கை இத்தனை வருடத்தில் எங்கே கற்றுக்கொண்டாள் இந்தக் குரலை?

ஆனால் அதே நேரத்தில் அவளுக்குள் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. சொல்லவே வெட்கமான விஷயம். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய நேரத்தில் அவளுக்குப் பெருமை பொங்கியது. முப்பது வருடம் பழகிய ஒரு கண், அவள் துடைத்த அறையைப் பார்த்துவிட்டு, இங்கே மனுஷர் யாருமே இருக்கவில்லை என்று சத்தியம் செய்கிறது. வெள்ளைக் கையுறை வாயிலிருந்து இருபது வருடத்தில் வராத சான்றிதழ் இது.

"கெஞ்சாதே. நிமிர்ந்து நில்லு. கடைசியா அவங்க சொன்னதை இன்னொரு தடவை சொல்லு" என்றாள் தங்கையிடம்.

"என்னக்கா இது, எதை?"

"யாரும் படுக்கலைன்னு சொன்னாங்கள்ல, அதை."

தங்கை முறைத்துக்கொண்டே சொன்னாள். நானூறு அக்கா அதை முழுசாகக் கேட்டு ரசித்துவிட்டு, பையைத் தரையில் வைத்தாள்.

"இப்ப நான் சொல்றதை அவங்ககிட்ட சொல்லு. நானும் இதே வேலைதான். இருபது வருஷம். படுக்கை போடாம ரூமை விட்டு வெளிய வர எனக்குத் தெரியாது. நான் பொய் சொல்றேனான்னு பார்க்கணும்னா மேல போய்க் கால் பக்கத்து மூலையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லு. இந்த வீட்டுல எல்லாப் படுக்கையும் ஒத்தை மடிப்பு. அந்த ஒரு படுக்கை மட்டும் ரெட்டை மடிப்பு, சுவத்துப் பக்கம் ஒரு நாக்கு திரும்பியிருக்கும். தூக்கிப் பார்க்க வேணாம்னா சும்மா இழுத்துப் பார்க்கட்டும். விரிப்பு கையோட வந்துட்டா நாங்க இப்படியே போயிடறோம்."

வீட்டுக்காரி நம்பவில்லை. ஆனால் ஒத்தை மடிப்பு என்ற பேச்சு வந்ததும் அவள் கை உறை அடுக்குவதை நிறுத்திவிட்டது. மேஜையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாலு மாடியும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் ஏற, இவர்கள் பின்னால் ஏறினார்கள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினாள். நானூறு அக்காவுக்குக் கொஞ்சமும் பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். அவளுடைய கையில் அவளுக்கு நம்பிக்கை இருந்தது, அவ்வளவுதான். ஆள் படுக்காத படுக்கை என்று நினைத்ததால் விரிப்பை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள் என்று மட்டும் மனசுக்குள் வேண்டிக்கொண்டே போனாள்.

மாற்றவில்லை. அவள் விட்டுப் போன மாதிரியே இருந்தது. வீட்டுக்காரி குனிந்து, மூலையைப் பிடித்து, ஒரு இழுப்பு இழுத்தாள். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தாள். மெத்தை அவளை நோக்கி நகர்ந்து வந்தது. விரிப்பு வரவில்லை. அவள் மெல்ல மண்டியிட்டு, மெத்தையைத் தூக்கி, உள்ளே இருந்த நாக்கை விரலால் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் தடவினாள்.

"இதை எப்படிப் போட்டீங்க?"

"முதல்ல ரூம். அப்புறம் மடிப்பு."

தங்கை இதை மொழிபெயர்க்கத் தயங்கினாள். தேவையே படவில்லை. வீட்டுக்காரி தரையில் உட்கார்ந்தபடியே சிரிக்க ஆரம்பித்தாள். சிடுமூஞ்சி என்று எழுதியவர்கள் யாரும் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். தானும் ஒரு பெரிய ஹோட்டலில் பதினெட்டு வருடம் படுக்கை போட்டவள்தான் என்றும், முட்டி போனபிறகு இந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்ததாகவும் சொன்னாள்.

"அந்த ஜோடிக்கு என் ரூமைக் குடுத்துடறேன். நான் சலவைக் கடை சோபாவுல படுத்துக்கறேன். என் கண்ணு தப்பிடுச்சு, அதுக்கு நீங்க ஏன் தெருவுல நிக்கணும்?"

"உங்க கண்ணு தப்பலை. சாவியைப் பெட்டியில வெச்சது என் புத்தி. பாதித் தப்பு என்னோடது."

அந்த மதியம் முழுக்க, தங்கை நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, இரண்டு பேரும் மூலையை மடித்தார்கள், பிரித்தார்கள், மடித்தார்கள். வீட்டுக்காரி ஐந்தாவது முறை சரியாகப் போட்டுவிட்டுத் தானே இழுத்துப் பார்த்துக் கைதட்டினாள். அதன் பிறகு கீழே போய்ப் பேரேட்டில் "வரவில்லை" என்பதை அடித்தாள். திரும்பிப் படியேற முடியாமல் கீழிருந்தே ஒரு கட்டளை போட்டாள்.

"நாளைக்குக் காலையில படுக்கையைத் தொடக் கூடாது! தொட்டீங்கன்னா மறுபடியும் வரலைன்னு எழுதிடுவேன்!"

மறுநாள் காலை ஐந்து மணிக்கே இரண்டு பேருக்கும் விழிப்பு வந்துவிட்டது. தங்கைக்கு முதியவரின் மருந்து நேரம், அக்காவுக்கு வேலை நேரம். எழுந்து போக ஒரு வேலையும் இல்லாமல் இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். பேசினார்கள். அப்பாவின் கோபம், தங்கை உடைத்த கண்ணாடி, அவளைப் பெண் பார்க்க வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை. கடைசிக் கதையில் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்த சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார். தங்கை சுவரைப் பார்த்து, "என்னய்யா? காசு குடுத்துத்தான் படுத்திருக்கோம்!" என்று நம் மொழியிலேயே அதட்டினாள். அவர் தட்டியது நின்றது. அக்காவுக்குத் தன் பழைய சண்டைக்காரி திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று மனசு நிறைந்துபோயிற்று.

எட்டரைக்கு ஊர் சுற்றக் கிளம்பினார்கள். நானூறு அக்கா கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள். போர்வை பாதி தரையில் கிடந்தது. விரிப்பில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளம். தலையணை ஒன்று குறுக்கே. கை அரித்தது.

"விடுக்கா" என்றாள் தங்கை.

"விட்டுட்டேன்டி. ஒரு படம் மட்டும் எடுத்துக்கறேன்."

எடுத்தாள். வீட்டுக்காரியைவிட மோசமாக, சாய்வாக, கட்டை விரல் நிழலோடு எடுத்தாள். அந்த நகரத்தின் கோபுரம், பாலம், கடைத்தெரு எதையும் அனுப்புவதற்கு முன்னால் கணவனுக்கு அந்தப் படத்தைத்தான் அனுப்பினாள். படிக்கட்டில் இறங்கும்போதே பதில் வந்தது.

"இது யாரோட ரூம்? இப்படிக் கிடக்குதே, கேக்க ஆளில்லையா?"

ஹோட்டலில் தினமும் காலையில் அவளிடம் ஒரு தாள் தருவார்கள். அறை எண்ணுக்கு நேராக, அது காலியா இல்லையா என்று, இரண்டில் ஒன்றை எழுத வேண்டும். இருபது வருடமாக மற்றவர்களுக்காக எழுதிக்கொடுத்த இரண்டு வார்த்தையை, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டாவது மாடிப் படியில் நின்று, ஒரு விரலால் தட்டித் தட்டி அனுப்பினாள்.

"ஆள் இருக்கு."

நாலு படி இறங்கிய பிறகு அது போதாது என்று தோன்றியது. மறுபடி நின்று, "ரெண்டு பேர்" என்று சேர்த்து அனுப்பினாள்.